துணைப் பதிவு இல்லாதவிடத்து

பாடசாலையொன்றின் சேர்வு இடாப்பிலே ஒரு மாணாக்கன் பெயருக்கெதிரே பாதுகாவலர் இலக்கம் 214 என்று எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாவலர் இடாப்பைப் புரட்டினாலோ 213க்குப் பின் 215 வருகிறது. இடையிலிருந்தது எங்கே போயிற்று? எழுதப்படவே இல்லையா, எழுதியபின் நீக்கப்பட்டதா, அன்றி இலக்கமே பிழையா? அனுபவமுள்ள எழுதுவினைஞர் பேனையை வைத்துவிட்டு விசாரிப்பார். கணினி விசாரிப்பதில்லை. இன்னது செய்க என முன்னரே விதித்து வைத்தாலன்றி, அது தன்போக்கில் ஏதேனுமொன்றைச் செய்துவிடும்.

தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளாக வகுத்து, ஒன்றின் இலக்கத்தை மற்றொன்றிற் குறித்து இணைக்கும் முறைக்கு அடிப்படை, ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் கொட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும். அவ்வாறு குறிக்கப்படும் இலக்கத்தை அயற்சாவி என்பர். இந்நாளில் நிரல் எழுதுவோர் பலர் அட்டவணைகளை நேரே கையாளுவதில்லை. ஹைபர்னேட், ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் முதலியவற்றிலுள்ள கருவிகள், அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் ஒரு பொருளாக்கித் தருகின்றன. ‘மாணாக்கனின் பாதுகாவலரின் பெயர்’ என்று ஒரே தொடரிற் கேட்டுவிடலாம். வசதி பெரிதுதான், இடறி விழுமிடமும் அதுவே. பாதுகாவலர் இல்லையெனில், யாருடைய பெயரைத் தருவது?

இதற்குக் கருவிகள் ஒரேவிதமாக விடையிறுப்பதில்லை. ரெயில்ஸ் வெறுமையைத் திருப்பித் தரும். அவ்வெறுமையிடம் பெயரைக் கேட்டவுடன் நிரல் பிழையுற்று நிற்கும். ஜாங்கோ, சாவியிடம் காலியாயிருந்தால் வெறுமையைத் தரும்; சாவியிருந்து அதற்குரிய வரி இல்லையெனில், ‘அப்படியொன்று இல்லை’ என்று விதிவிலக்கு எழுப்பும். லாராவெலில், இல்லாத பொருளுக்குப் பதிலாள் ஒன்றை நியமிக்கவும் இடமுண்டு. வெறுமையைக் குறிக்கும் சுட்டியை 1965இல் அல்கோல் டபிள்யூ மொழிக்கென அமைத்த டோனி ஹோர், 2009இல் அதனைத் தமது நூறு கோடி டொலர்த் தவறு என்று தாமே வருணித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆயினும் நிரல் பிழையுற்று நிற்பது பெருங்கேடன்று. நின்றுவிட்டால் எவரேனும் கவனிப்பர். கேடு யாதெனில், சத்தமின்றி மறைதலே. இரு அட்டவணைகளையும் உள்ளிணைப்பு முறையிற் சேர்த்துப் பட்டியல் எடுத்தால், 214ஆம் இலக்கத்துக்குரிய மாணாக்கன் பட்டியலில் இருக்கவே மாட்டான். பிழைச்செய்தியும் வராது. அது பரீட்சை விண்ணப்பதாரர் பட்டியலாயின், குற்றமறியாத பிள்ளையொன்று அனுமதி அட்டையின்றி நிற்க நேரும். இடப்புற வெளியிணைப்பு முறையிலோ மாணாக்கன் நிலைப்பான். பாதுகாவலர் கட்டம் மாத்திரம் வெறுமையாயிருக்கும்.

பதிலாளை நியமிப்பதிலும் நிதானம் வேண்டும். கணக்கை நீக்கிவிட்ட ஒருவர் எழுதிய குறிப்பின்கீழ் ‘முன்னாள் உறுப்பினர்’ எனக் காட்டுவதில் தீங்கில்லை. மாணாக்கனின் சுகாதாரப் பதிவு காணாமற் போனவிடத்து, ‘ஒவ்வாமை எதுவுமில்லை’ என்று நிரப்புவது அத்தகையதன்று. ‘இல்லை’ என்பது வேறு, ‘தெரியாது’ என்பது வேறு. சுற்றுலாவிற் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் ஆசிரியருக்கு அவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகும்.

பதிவு காணாமற் போகாது தடுப்பதற்கும் வழியுண்டு. அயற்சாவிக் கட்டுப்பாட்டை விதித்தால், இல்லாத இலக்கத்தைத் தரவுத்தளமே ஏற்க மறுக்கும். மைஎஸ்கியூஎல் மென்பொருளில் 2010இல் வெளியான 5.5ஆம் பதிப்புக்கு முன் வழமையாயிருந்த மைஐசாம் அமைப்பு, அக்கட்டுப்பாட்டை எழுதினாலும் பொருட்படுத்தாது. பழைய தரவுகளில் அநாதை வரிகள் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வரியொன்றை நீக்கும்போது, தடுப்பதா, சார்ந்த வரிகளையும் சேர்த்து நீக்குவதா, சாவியை வெறுமையாக்குவதா என்று முன்னரே தீர்மானித்தல் வேண்டும். இரண்டாவதை ஆராயாது தெரிந்தெடுத்தால், ஒரு பாதுகாவலரை நீக்கப்போய் அவருடைய மூன்று பிள்ளைகளின் பதிவும் போய்விடும். இத்தீர்மானத்தை எழுதியே ஆகவேண்டுமென 2017இல் வந்த ஜாங்கோ 2.0 கட்டாயமாக்கியது. துணைப் பொருள் இல்லாத பதிவை, வேறுவிதமாகக் குறித்தாலன்றிச் சேமிக்க இயலாதென 2016இல் ரெயில்ஸ் 5 விதித்தது.

ஏற்கெனவே அநாதையாகிவிட்ட வரிகளுக்கு அவ்விதிகள் உதவா. அவற்றுக்குத் திரையில் ‘பாதுகாவலர் 214: பதிவு கிடைக்கவில்லை’ என்று இலக்கத்துடனேயே காட்டி, அத்தகைய பெயர்களைத் தனிப்பட்டியலாக்கி அலுவலகத்துக்கு அனுப்பலாம். வீட்டுக்குக் கடிதம் எழுதி விசாரிக்கும் வேலை, முன்போலவே, எழுதுவினைஞருடையது.