ஊர் விளக்கு அணைந்தது ஏன்?

சூரியன் தந்த மின்சாரம். மூன்றே ஆண்டில் முடிந்த கதை

பீகார் மாநிலத்தில் ஜெகனாபாத் மாவட்டம் இருக்கிறது. பாட்னாவில் இருந்து கயாவுக்குப் போகும் சாலையை ஒட்டி அங்கே ஒரு கிராமம். அதன் பெயர் தர்னாய்.

30 ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊரில் மின்சாரம் இல்லை. பொழுது சாய்ந்தால் மண்எண்ணெய் விளக்குதான். வயலுக்குத் தண்ணீர் இறைக்க டீசல் என்ஜின்தான்.

2014-ம் ஆண்டு ஜூலை மாதம் அந்த ஊரில் விளக்குகள் எரிந்தன. நிலக்கரி எரித்த மின்சாரம் அல்ல. வெயிலில் இருந்து எடுத்த மின்சாரம்!

ஊர் முழுதும் வெளிச்சம்

"கிரீன்பீஸ்" என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, வேறு இரண்டு அமைப்புகளுடன் சேர்ந்து இந்த வேலையைச் செய்தது. ஏறத்தாழ 3 கோடி ரூபாய் செலவு.

கூரைகளின் மேல் சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள். மொத்தம் 100 கிலோவாட் சக்தி. அதில் 70 கிலோவாட் விளக்குகளுக்கு. 30 கிலோவாட் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு.

450 வீடுகள், 50 கடைகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மின்சாரம் கிடைத்தது. தெருக்களில் 60 விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் இரவில் படித்தார்கள். பெண்கள் பயம் இல்லாமல் வெளியே போய் வந்தார்கள்.

எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

"அசல் மின்சாரம் கொடு!"

அந்தச் சமயத்தில் நிதிஷ்குமார் தர்னாய்க்கு வந்தார். முதல்-மந்திரி பதவியில் இருந்து அவர் விலகியிருந்த நேரம் அது. ஊர் மக்கள் திரண்டு நின்று கோஷம் போட்டார்கள்.

"எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும். போலி மின்சாரம் வேண்டாம்" என்பதுதான் அந்தக் கோஷம்.

அரசாங்கம் கம்பியில் அனுப்பும் மின்சாரத்தை "அசல்" என்றார்கள். சூரிய மின்சாரத்தைப் "போலி" என்றார்கள்.

ஏன் இந்தக் கோபம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

70 கிலோவாட் என்றால் 70 ஆயிரம் வாட். அதை 450 வீடுகளும் 50 கடைகளும் பங்கு போட்டால், ஒரு பங்கு 140 வாட். அதுவும் வெயில் நன்றாக அடித்தால்தான். ஒரு மின்விசிறி, இரண்டு மூன்று விளக்கு, செல்போன் சார்ஜ் இவற்றோடு சரி. துணி தேய்க்கும் பெட்டி ஒன்றே 1,000 வாட் வரை இழுக்கும்!

ஆகையால், குளிர்சாதனப் பெட்டி போன்ற, அதிக மின்சாரம் இழுக்கும் சாமான்களை மாட்டக்கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊரில் உள்ளவர்கள் எதையும் மாட்டலாம். நாம் மட்டும் மாட்டக்கூடாதா? இதுதான் மக்களின் ஆதங்கம்.

கம்பி வந்தது

அதன் பிறகு அதிக நாள் ஆகவில்லை. அரசாங்க மின்சாரமும் ஊருக்கு வந்துவிட்டது.

சூரிய மின்சாரம் யூனிட் 9 ரூபாய். அரசாங்க மின்சாரம் யூனிட் 3 ரூபாய். எந்தக் குடும்பத் தலைவி 9 ரூபாய் கொடுப்பாள்?

அரசாங்கம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் அனுப்புகிறது. மானியமும் கொடுக்கிறது. தர்னாயின் நிலையமோ 500 இணைப்புகளை நம்பி இருந்தது. இப்படிப்பட்ட சின்ன நிலையத்தில் பத்துப் பேர் விலகினால், அவர்கள் பங்குச் செலவும் மற்றவர்கள் தலையில் விழும்.

ஓட்டைக் குடம்

இன்னொரு இடி பாட்டரியால் வந்தது.

வெயிலை மின்சாரம் ஆக்குவது தகடு. அதை இரவுக்காகச் சேர்த்து வைப்பது பாட்டரி. தகடு 25 ஆண்டு உழைக்கும். பாட்டரியின் ஆயுள் சில ஆண்டுகள்தான். பிறகு புதிதாக வாங்க வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டும்.

தர்னாயில் மூன்று ஆண்டுகளில் பாட்டரிகள் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்ற ஆள் இல்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும், குடம் ஓட்டை என்றால் வீட்டுக்குத் தண்ணீர் வருமா? கூரையில் தகடுகள் இருந்தன. வீட்டில் வெளிச்சம் இல்லை.

2021-ம் ஆண்டில் பத்திரிகைக்காரர்கள் போய்ப் பார்த்தபோது, மின் நிலையம் இருந்த இடத்தில் மாடு கட்டியிருந்தார்கள்.

குஜராத்தில் வேறு வழி

அரசாங்கக் கம்பி வந்துவிட்டால் ஊர்ச் சூரிய மின்சாரம் சாகத்தான் வேண்டுமா? அப்படி இல்லை.

குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். அங்கே டீசல் என்ஜின் வைத்திருந்த 6 விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சூரிய பம்புகளைப் போட்டார்கள். 2016-ம் ஆண்டில் அவற்றை மின்சாரக் கம்பெனியின் கம்பியோடு இணைத்தார்கள்.

தண்ணீர் இறைத்தது போக மிஞ்சிய மின்சாரம் கம்பியில் போய்ச் சேர்ந்தது. யூனிட் 4 ரூபாய் 63 காசுக்குக் கம்பெனி வாங்கிக்கொண்டது. 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம்!

சேர்த்து வைக்க பாட்டரி தேவைப்படவில்லை. தர்னாயில் போட்டியாக வந்த கம்பி, துண்டியில் வாடிக்கையாளர் ஆகிவிட்டது. வீணாகத் தண்ணீர் இறைத்தால் விற்கும் காசு குறையும் என்பதால், தண்ணீரையும் சிக்கனமாகச் செலவிட வழி பிறந்தது.

இங்கேயும் தடைகள் இல்லாமல் இல்லை. முதல் செலவில் பெரும் பங்கை "சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம்" கொடுத்தது. விவசாயிகள் கொடுத்தது சிறு பங்குதான். சலுகை விலையில் அரசாங்க மின் இணைப்புக் கேட்கும் உரிமையையும் அவர்கள் 25 ஆண்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் இப்படி உதவி கிடைத்துவிடாது.

முதலில் கேட்க வேண்டியவை

தகடு பொருத்துவது சில மாத வேலை. விழா நடத்துவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் இருக்கின்றன.

பாட்டரி தேய்ந்தால் மாற்றுவதற்கு மாதாமாதம் பணம் சேர்ப்பது யார்? அந்தப் பணத்துக்குக் கணக்கு எழுதுவது யார்? நாளைக்கு அரசாங்கக் கம்பி வந்தால், நம் மின்சாரத்தை அது வாங்குமா, வாங்காதா? வீட்டுக்கு வீடு என்ன சாமான் ஓட்ட ஆசைப்படுகிறார்கள்?

இந்தக் கேள்விகளை ஊரார் கூடி உட்கார்ந்து, முதல் தகடு கூரை ஏறுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். பதில்களை எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். வெயில் இலவசம்தான். வெளிச்சத்துக்குச் செலவு உண்டு.