மச்சான் நட்ட மரம்

சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் ஊருக்கு நாலு சாமான் கொண்டு வருவது வழக்கம். கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட் பாட்டில், கொஞ்சம் அலட்டல். முதல் மூன்றை நானும் வாங்கி வந்தேன். நாலாவது மட்டும் போன இடத்திலேயே தொலைந்து போய்விட்டது. எப்படித் தொலைந்தது என்று சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்காரன். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர். குழாயில் தண்ணீர் வருகிற நாளெல்லாம் எங்களுக்குப் பண்டிகைதான். உத்தியோகம், ஆபீஸ் குமாஸ்தா. காலையில் ஒன்பதரைக்கு, கல்யாணத்தில் மாமனார் வீட்டில் கொடுத்த பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய் ஃபைலுக்குள் தலையை விட்டால், சாயங்காலம்தான் வெளியே எடுப்பேன். தோட்டம் என்று நான் பார்த்ததெல்லாம் கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா ஒன்றுதான். 1908-ல் போட்ட பூங்கா. பள்ளிக்கூட டூரில் ஒரு தடவை, ஹனிமூனில் ஒரு தடவை, மே மாத மலர்க் கண்காட்சியில் முன்னால் நின்றவர் முதுகை மட்டும் பார்த்தது ஒரு தடவை.

"சிங்கப்பூர், நாலு நாள் டூர், திருச்சியிலேர்ந்து ஃப்ளைட்" என்று நான் சொன்னபோது என் சம்சாரம் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள்.

"ஏங்க, முதல்ல அண்ணன் வேலை பார்த்த பார்க்கைப் பார்க்கணும்."

அண்ணன் என்றால் என் மச்சான். 2009-ல் சிங்கப்பூர் போனவர், 2011 கடைசியில் திரும்பினார். இப்போது நாகல் நகர் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் அப்போதே போனில் "பார்க்குல வேலை" என்றுதான் சொல்வார். என் மாமனார் அதைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். "என் மகனுக்கு சிங்கப்பூர் பார்க்குல வேலை. வெயில் படாத வேலை. செடிக்குத் தண்ணி ஊத்தணும், அம்புட்டுதான்!" எங்கள் எல்லார் மனசிலும் ஒரே படம்தான். பூவாளியோடு மச்சான், பக்கத்தில் ரோஜாச் செடி, சுற்றிலும் ஜில்லென்று காற்று. அங்கிட்டு டாலர், இங்கிட்டு நிழல். கொடுத்து வைத்த மனுஷன் என்று நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்த பார்க்குக்குப் பெயர் கார்டன்ஸ் பை த பே. அங்கத்துத் தமிழ்ப் பத்திரிகைகள் 'கரையோரப் பூந்தோட்டம்' என்று அழகாக எழுதுகின்றன. 101 ஹெக்டேர், நம் கணக்கில் 250 ஏக்கர். அந்த இடம் முன்பு கடல்! மண்ணைக் கொட்டித் தூர்த்து, அதன் மேல் தோட்டம் போட்டிருக்கிறார்கள். 2005-ல் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். 2012 ஜூன் 29-ல் முக்கியமான தெற்குப் பகுதியைத் திறந்தார்கள். ஏறக்குறைய 100 கோடி சிங்கப்பூர் டாலர் செலவாம். ரூபாயில் பெருக்கிப் பார்க்க முயன்றேன். குமாஸ்தா மூளை, பாதியில் நின்றுவிட்டது.

வெளித்தோட்டங்களில் சுற்ற காசில்லை. கண்ணாடிக் கூடங்கள் இரண்டுக்கும் டிக்கெட் உண்டு. அந்த டிக்கெட் காசில் எங்கள் ஊரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிடலாம். மீதியில் பீடாவும் போடலாம். வயிற்றெரிச்சலோடுதான் வாங்கினேன்.

முதல் கூடம், ஃப்ளவர் டோம். 3 ஏக்கர் இடத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய கண்ணாடிச் செடிவீடு என்று 2015-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 3,332 கண்ணாடிப் பலகைகள்! வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். உள்ளே 23, 24 டிகிரி. மத்தியதரைக் கடல் பக்கத்து ஆலிவ் மரம், ஆப்பிரிக்காவின் பாவோபாப் மரம் எல்லாம் சொந்த ஊர் மாதிரி நிம்மதியாக நிற்கின்றன. பாவோபாப் என்றதும் மிரள வேண்டாம். நம்மூர் ஆனைப்புளிதான். ராமநாதபுரம் பக்கம் ஏசி இல்லாமலேயே நிற்கிறது.

"இம்புட்டு இடத்துக்கும் ஏசி போட்டா கரண்டு பில் என்னத்துக்காகும்?" என்றாள் சம்சாரம். நியாயமான கேள்வி. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆள் நடமாடுகிற கீழ்ப்பகுதியை மட்டும்தான் குளிர்விக்கிறார்கள். தரைக்கு அடியில் குளிர்ந்த நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. சூடான காற்று மேலே போய் வெளியேறிவிடும். வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பத்தைக் குறைக்கிற விசேஷக் கண்ணாடி. வெயில் ஏறினால் தானே விரிகிற திரை. அது மட்டுமில்லை, சிங்கப்பூர் பூராவும் மரங்களைக் கழிக்கும்போது விழுகிற கிளைகளைக் கொண்டு வந்து கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தச் சூட்டை வைத்தே குளிரூட்டும் எந்திரத்தை ஓட்டுகிறார்கள். சாம்பல் உரமாகிறது. நெருப்பைப் போட்டுக் குளிர் எடுக்கிறான் மனுஷன்! நாம் தெருவோர மரக்கிளையை வெட்டினால் அது அடுத்த மழை வரை சாக்கடை மேலேயே கிடக்கும்.

இரண்டாவது கூடம், மேகக் காடு. கதவு திறந்ததும் முகத்தில் சாரல். எதிரே 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை, மேலேயிருந்து அருவி. மலையும் செயற்கை, அருவியும் செயற்கை. ஒட்டியிருக்கிற பெரணி, ஆர்க்கிட், பூச்சி தின்னும் குடுவைச் செடி எல்லாம் நிஜம். கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 3,000 மீட்டர் வரைக்கும் உள்ள வெப்பமண்டல மலைகளில் என்ன வளருமோ அதை இங்கே வளர்க்கிறார்கள். லிஃப்ட்டில் உச்சிக்குப் போய், சுற்றிச் சுற்றி நடந்து இறங்க வேண்டும். குறித்த நேரத்துக்கு மூடுபனியைப் பீய்ச்சி அடிக்கிறார்கள்.

அந்தப் பனி வந்ததும் சம்சாரம் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, கொடைக்கானல் வாசம் அடிக்குதுங்க."

அடித்தது. ஈரமண்ணும் பாசியும் கலந்த அதே வாசம். 2,000 மீட்டருக்கு மேலே எங்கள் ஜில்லாவிலேயே நிஜ மேகக் காடு இருக்கிறது. சோலைக் காடு என்போம். மேகத்தைப் பிடித்து வைத்து, சொட்டுச் சொட்டாக ஓடைக்கு அனுப்புகிற காடு. டிக்கெட் கிடையாது. அதனால் மதிப்பும் கிடையாது. அதில் ஒரு பகுதியை அழித்து யூகலிப்டஸ், சீகை, பைன் என்று நட்டாயிற்று. மிச்சத்தில் நாம் சிப்ஸ் பாக்கெட்டை நடுகிறோம்.

இறங்கி வரும்போது கடைசியில் ஒரு குறும்படம் காட்டுகிறார்கள். பூமியின் சூடு 5 டிகிரி ஏறினால் என்னாகும் என்பது விஷயம். மேகக் காடுகள் முதலில் போகும். கூடவே ஊற்றும் ஓடையும் போகும். சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் 'ச்சொச்சொ' என்றார்கள். எனக்கு எங்கள் வீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது. பழனி மலைச் சரிவில் இறங்குகிற ஓடைகள்தான் ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகின்றன. அந்த அணைத் தண்ணீர்தான் திண்டுக்கல்லுக்கு வருகிறது. அவர்களுக்கு அது படம். எங்களுக்கு அது குடம்.

வெளியே வந்தால் சாயங்காலம். எதிரே சூப்பர் மரங்கள்.

போட்டோவில் பார்த்திருப்பீர்கள். கவிழ்த்த குடையைக் காற்று மேலே மடக்கிவிட்ட மாதிரி 18 ராட்சச மரங்கள். 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரம். 50 மீட்டர் என்றால் பதினாறு மாடி. நடுவில் காங்கிரீட் தண்டு, சுற்றி இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் செடிப் பலகைகள், உச்சியில் கம்பிக் குடை. எல்லா மரத்திலுமாகச் சேர்த்து 1,60,000-க்கு மேற்பட்ட செடிகளாம். சில மரங்கள் சூரிய மின்சாரம் எடுக்கின்றன. சில மரங்கள் கண்ணாடிக் கூடங்களுக்குப் புகைபோக்கி.

ஒரு மரத்தின் இடுப்பில், தூக்கு லாரியின் கூண்டில் நின்று ஒரு தம்பி காய்ந்த இலைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். கீழே இறங்கியதும், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் திரும்பினான்.

"எந்த ஊருண்ணே?"

"திண்டுக்கல். நீ?"

"அறந்தாங்கிப் பக்கம்ணே." ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையிலிருந்து வேர்வை குழாய் மாதிரி ஊற்றியது. "மேல போனா காத்து நல்லா வரும்ணே. ஆனா கீழ பார்க்கப்படாது."

அந்த மரங்களுக்கு நடுவே 128 மீட்டர் நீளத்தில் ஒரு தொங்கு நடைபாதை இருக்கிறது. தரையிலிருந்து 22 மீட்டர். காசு கட்டி ஏறினோம். கைப்பிடி, வலை, காவலாள் எல்லாம் உண்டு. அப்படியும் பாதி வழியில் என் முழங்கால் தனியாக ராஜினாமா எழுத ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே மச்சானுக்கு வீடியோ கால் போட்டேன்.

"மச்சான், எங்க நிக்கிறோம் பாருங்க!"

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பின்னால் டீ பாய்லர் கொதிக்கிற சத்தம். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பச்சையா இருக்கே மாப்ள."

"ஆமா மச்சான். ஏன்?"

"நான் கெளம்புறப்போ எலும்புக்கூடாட்டம் நின்னுச்சு. செடி வச்சு முழுசாப் பார்க்கலை. நல்லா வந்திருச்சு."

"நீங்க தண்ணி ஊத்தின செடி எங்கிட்டு இருக்கு?"

சிரித்தார். "தண்ணியா? நான் கம்பி கட்டுற ஆளு மாப்ள. நடுவுல காங்கிரீட்டுத் தண்டு நிக்குதுல்ல, அதுக்குள்ள கெடக்குற கம்பி நம்ம கட்டினது."

"வெளிய ஒண்ணும் தெரியலையே?"

"கம்பி வெளிய தெரிஞ்சா வேலை சரியில்லைன்னு அர்த்தம் மாப்ள."

"உச்சி வரைக்கும் ஏறினீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப... கடையில ஆள் நிக்கிறாங்க. வைக்கட்டா?" வைத்துவிட்டார்.

சம்சாரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குழம்புக்கு உப்புப் பத்தவில்லை என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்: "உங்க பைக்குக்காக அண்ணன் ஆறு மாசம் ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் பார்த்துச்சு."

அந்த பைக்கை நான் கேட்கவில்லை. 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுக்கு நாங்க என்ன சொல்ல' என்று அந்த தேசிய வசனத்தை எங்கப்பாதான் பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். 'மாப்பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும்?' என்று மாமனார் கேட்டபோது நான் சொன்னது ஒரே வார்த்தைதான். "கறுப்பு."

22 மீட்டரில், கைப்பிடியும் வலையும் இருக்கிற இடத்தில், எனக்குக் கால் நடுங்குகிறது. அவர் ஏறின மரம் அப்போது வெறும் கம்பி. பத்து வருஷத்துக்கு மேல் அந்த பைக்கில்தான் ஆபீஸ் போகிறேன். தண்ணி ஊற்றிச் சம்பாதித்த காசு என்று நினைத்தே ஓட்டியிருக்கிறேன்.

இருட்டியதும் ஏழே முக்காலுக்கு விளக்கு விளையாட்டு ஆரம்பித்தது. பாட்டுக்கு ஏற்றபடி மரங்கள் நீலமாகி, ஊதாவாகி, பொன்னாகி மின்னுகின்றன. தினம் இரண்டு காட்சி, இலவசம். உலகத்து ஜனமெல்லாம் தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறது. காலையில் தேக்கா மார்க்கெட் பக்கம் வாங்கின மல்லிகைச் சரத்தைச் சம்சாரம் தலையிலிருந்து எடுத்தாள். விமானத்தில் வந்திறங்கின மதுரை மல்லி. மரத்தடியில் வைக்கப் போனாள்.

"ஏய், ஃபைன் போட்டுருவான்!" என்று பதறினேன்.

முறைத்தாள். அடிமரத்தில் ஒரு நிமிஷம் சரத்தை ஒட்டி வைத்து எடுத்துவிட்டு, மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஊர் திரும்பியதும் அந்த மரத்தின் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு மச்சான் கடையில் மாட்டினேன். டீ குடிக்க வருகிறவர்கள் "என்னண்ணே இது?" என்று கேட்பார்கள். "சிங்கப்பூரு மரம்" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை, காசு வாங்காத விளம்பர ஏஜென்ட்டாக நான்தான் சொல்கிறேன்.

போன மாசம் என் தம்பிக்குப் பெண் பார்க்க வத்தலகுண்டு போனோம். கேசரி, பஜ்ஜி, மிக்சர். பெண்ணின் அண்ணன் துபாயிலாம். "என்ன வேலை?" என்று கேட்டேன். "கட்டட கம்பெனில. ஏசி ரூமுதான்" என்றார் பெண்ணின் அப்பா, பெருமையாக. எங்கப்பா தொண்டையைக் கனைத்தார். தேசிய வசனம் வரப் போகிறது என்று தெரிந்துவிட்டது. மிக்சர் தட்டைக் கீழே வைத்தேன்.

"பைக்கு, காரு எதுவும் வேண்டாங்க" என்றேன். "கலர்கூடக் கேக்காதீங்க."

தம்பி இன்னும் என்னோடு பேசுவதில்லை. கோபம் ஆறட்டும், அவனையும் ஒரு நடை சிங்கப்பூருக்கு அனுப்பி வைக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் கோடாலித் தைலமும் தீர்ந்துவிட்டது.