பத்துத் தட்டில் திருவெள்ளறை

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவெள்ளறையின் பெயர், ஊர்ப்பலகையில் 6 எழுத்துகளால் எழுதப்படுகிறது. அதே பெயரைத் திறன்பேசி தன் நினைவகத்தில் 11 குறியீடுகளாக வைத்துக்கொள்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் அதை எழுத 10 தட்டுகள் போதும். ஆங்கில எழுத்துகளின் வழியே ஒலிபெயர்த்து முழுமையாக உள்ளிடுவோர் 13 முறை தட்ட வேண்டும், அதற்கு மேல் ளகரத்தையும் றகரத்தையும் பெறப் பெரிய எழுத்துக்கு மாறும் வேலையும் உண்டு. ஒரே பெயருக்கு இத்தனை கணக்குகள் ஏன் என்பதை விளங்கிக்கொண்டவர்கள், திறன்பேசியில் தமிழை விரைந்து எழுதுவதற்கான குறுக்குவழிகளில் பெரும்பகுதியை அறிந்தவர்களாவர். ஏனெனில் அக்குறுக்குவழிகள் கருவியின் நுணுக்கங்களில் இருப்பதைவிடத் தமிழ் எழுத்தின் இலக்கணத்திலேயே மிகுதியாக இருக்கின்றன.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் பொதுத் தரம் யூனிகோடு எனப்படுகிறது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் அதில் இல்லை. உயிர்களுக்கும், ஆய்தத்துக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு, கொக்கி போன்ற துணைக்குறிகளுக்கும், புள்ளிக்கும் மட்டுமே எண்கள் உள்ளன. ‘தி’ என்பது தகரமும் கொக்கியுமாக 2 குறியீடுகள். ‘ள்’ என்பது ளகரமும் புள்ளியுமாக 2 குறியீடுகள். இவ்வாறு எண்ணினால் 9 எழுத்துள்ள ‘திருச்சிராப்பள்ளி’ 17 குறியீடுகளாக விரிகிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகளைக் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் எழுதும்போது 70 குறியீடுகளோடு நிறைந்துவிடுவதால், ஊர்ப்பெயர் ஒன்றே அதில் கால்பங்கை எடுத்துக்கொள்கிறது. குறுஞ்செய்திக்குக் கட்டணம் செலுத்தும் கடைக்காரரும் பள்ளி அலுவலகமும் தமிழ்ச் செய்திகளைச் சுருக்கமாக அமைக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

இந்த அமைப்பைத் தட்டச்சிடுவோருக்குச் சாதகமாக்கியது தமிழ்99 விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டில் அறிஞர்களும் மென்பொருளாளர்களும் கலந்து வகுத்த இந்த அமைப்பை, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகளே இதற்கு அடிப்படை. உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் இயல்பு இரு கைகளின் மாறி மாறி வரும் அசைவாகவே வெளிப்படுகிறது. தகரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் ‘தி’ தோன்றும். துணைக்குறிகளுக்கென்று தனி விசைகள் எவையும் தேவையில்லை. தொடக்கப்பள்ளி மாணவர் அறிந்த எழுத்துக் கூட்டலே தட்டச்சு முறையாகவும் அமைகிறது.

இதில் உள்ள சிறந்த குறுக்குவழி, புள்ளி தானாக விழுவதாகும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முன்னது புள்ளி பெறும்; மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினத்தைத் தட்டினாலும் மெல்லினம் புள்ளி பெறும். ‘ளள’ என்பது ‘ள்ள’ ஆகிறது. ‘ஙக’, ‘ஞச’, ‘ணட’, ‘நத’, ‘மப’, ‘னற’ ஆகிய ஆறு இணைகளும் முறையே ‘ங்க’, ‘ஞ்ச’, ‘ண்ட’, ‘ந்த’, ‘ம்ப’, ‘ன்ற’ என மாறுகின்றன. ஒரு மெய் தன்னோடு தான் சேர்ந்து வருவதை உடனிலை மெய்ம்மயக்கம் என்றும், பிற மெய்யோடு சேர்ந்து வருவதை வேற்றுநிலை மெய்ம்மயக்கம் என்றும், பிறப்பிடத்தால் ஒத்த மெல்லின வல்லினங்களை இனவெழுத்துகள் என்றும் தமிழ் இலக்கணம் வகுத்துள்ளது. அந்த வகுப்பு விசைப்பலகையின் செயல்விதியாகவே ஆகிவிட்டது. எழுத்து ஒவ்வொன்றையும் புள்ளியிட்டு உள்ளிட்டால் 17 தட்டுகள் வேண்டிய ‘திருச்சிராப்பள்ளி’, இந்த விதியால் 14 தட்டுகளில் முடிகிறது. ஒரு சொல்லில் இரண்டு மூன்று தட்டு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இரட்டித்தலும் இனவெழுத்துச் சேர்க்கையும் தமிழில் வரிக்கு வரி வருவன என்பதால், ஒரு பக்கம் எழுதுவோர் மிச்சப்படுத்தும் உழைப்பு கணிசமானது.

விதிக்கு விலக்கான சொற்களும் உண்டு. அவற்றுக்காகவே அகர விசைக்கு ஒரு கூடுதல் பணி தரப்பட்டுள்ளது. மெய்யை அடுத்து அகரத்தைத் தட்டினால், அங்கே புள்ளி விழ வேண்டாம் என்று கருவிக்குச் சொன்னதாகும். ‘லலிதா’ என்னும் பெயரை ல, அ, ல, இ, த, ஆ என்று உள்ளிடாவிட்டால் ‘ல்லிதா’ என்றுதான் வரும். சுதந்திர தினத்தன்று கோயில்களில் நடைபெறும் ‘சமபந்தி விருந்து’ பற்றிய அழைப்பை எழுதுவோர் மகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்ட மறந்தால், அது ‘சம்பந்தி விருந்து’ ஆகிவிடும். அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் விருந்து, மணமக்களின் பெற்றோருக்குரிய விருந்தாகப் பொருள் மாறிப் போகும். இந்த ஒரு விலக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் தமிழ்99இல் கற்க வேண்டியது வேறு அதிகமில்லை.

எழுதாத புள்ளியைப் படிப்பவரின் மொழியறிவிடம் ஒப்படைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. மெய் எது, அகரமேறிய உயிர்மெய் எது என்பதைச் சொல்லின் வடிவமும் தொடரின் பொருளும் கொண்டு படிப்பவரே தேர்ந்துகொண்டார். திருவெள்ளறைப் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலின் புறத்தே, நான்கு திசைகளிலிருந்தும் மடங்கி இறங்கும் படிகளோடு சுவஸ்திகை வடிவில் அமைந்த பெருங்கிணறு, பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் கம்பன் அரையன் என்பவரால் தோண்டத் தொடங்கப்பட்டு 5ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டதென்றும், ‘மாற்பிடுகு பெருங்கிணறு’ எனப் பெயர் பெற்றதென்றும் அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. ‘மாற்பிடுகு’, ‘கிணறு’, ‘கம்பன்’ போன்ற சொற்களைக் கல்லிலிருந்து படி எடுத்துத் திறன்பேசியில் பதியும் ஆய்வு மாணவர் ஒருவர், ‘கம்பன்’ என்பதில் மகரத்தின் புள்ளியைத் தானே இட வேண்டியதில்லை. பண்டைய வாசகர் மனத்தில் செய்ததை இன்று விசைப்பலகை செய்து தருகிறது.

இடையில் வந்த தட்டச்சுப் பொறிக் காலமும் குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ‘நகரா விசை’ என்னும் உத்தி இடம்பெற்றது. அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், ஆனால் தாள் நகராது, அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். பொறியில் பழகியோர் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னர் அடித்தனர். யூனிகோடிலோ மெய் முன்னும் குறி பின்னும் வருவதால், தட்டச்சுப் பயிலகங்களில் பயின்ற மூத்தோர் திறன்பேசியில் முதலில் தடுமாறுவது இயல்பே. ‘வெ’ என்பதைக் கண் காணும் வரிசையில் எண்ணாமல் வாய் ஒலிக்கும் வரிசையில், வகரம் பின் எகரம் என்று எண்ணினால் அத்தடுமாற்றம் சில நாள்களில் நீங்கும்.

ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்னும் இரு தமிழ் விசைப்பலகைகள் உள்ளமைந்தே வருகின்றன. ஆண்ட்ராய்டு பேசிகளில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி அவ்விரண்டையும் தருகிறது. கூகுளின் ஜிபோர்டு, தமிழ் எழுத்துகளை நேரடியாகவும், ஆங்கில எழுத்து வழியாகவும், விரலால் எழுதும் கையெழுத்தாகவும் ஏற்கிறது. ஆங்கில எழுத்து வழி எழுதுவது தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினாலும், ல, ழ, ள வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் எழுதுபவர் தீர்மானிக்காமல் கருவி நீட்டும் பரிந்துரைப் பட்டியலே தீர்மானிக்கும் நிலைக்கு அது இட்டுச்செல்கிறது. ‘வெள்ளறை’யில் இடையின ரகரம் புகுந்தாலும் கண் அதைக் கவனியாமல் கடந்துவிடுகிறது. பள்ளி மாணவர்களுக்கேனும் தமிழ் எழுத்துகளைக் கொண்டே தமிழைத் தட்டச்சிடக் கற்பிப்பது, வேகத்துக்காக மட்டுமன்றி எழுத்துப்பிழை நீங்குவதற்காகவும் மிகவும் தேவையானது.

அடுத்து வருவது, அடிக்கடி எழுதும் தொடர்களைச் சுருக்கி வைக்கும் வசதி. ஆண்ட்ராய்டில் இது ‘தனிப்பட்ட அகராதி’ என விசைப்பலகையின் அமைப்புகளிலும், ஐபோனில் ‘பொது’ என்பதன் கீழ் விசைப்பலகைப் பகுதியில் உரை மாற்றீடாகவும் உள்ளது. முழுத் தொடரை ஓரிடத்திலும் அதற்குரிய இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கத்தை மற்றோரிடத்திலும் ஒருமுறை பதிந்துவைத்தால், பின்னர்ச் சுருக்கத்தைத் தட்டியவுடன் முழுத் தொடர் முன்வந்து நிற்கும். வீட்டு முகவரி, கடையின் வேலைநேரம், கோயிலுக்கு வரும் வழி, அலுவலகக் கடிதத்தின் முடிப்பு ஆகியவற்றை இவ்வாறு வைத்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லையும் வங்கி விவரங்களையும் ஒருபோதும் வைக்கலாகாது.

இந்த வசதிக்கும் ஒரு பழைய மரபு உண்டு. கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டு எண்ணை அடுத்து வரும் ‘ஆவது’ என்பதைச் சுருக்கக் குறியால் பொறித்தனர். கணக்கெழுதுவோரும் பத்திரம் எழுதுவோரும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ எனக் குறிகளைக் கையாண்டனர். மேற்படிக் குறியின் உருவத்தை ஒட்டியே பத்திரங்களில் ‘ஷை’ என எழுதும் வழக்கம் பரவிற்று. இக்குறிகள் 2003இல் யூனிகோடு 4.0 பதிப்பிலும், பழந்தமிழ்ப் பின்ன எண்கள் உள்ளிட்ட மேலும் 51 குறிகள் 2019இல் 12.0 பதிப்பிலும் சேர்ந்தன. பழைய ஆவணங்களைப் படி எடுப்போர் இவற்றை ஒவ்வொரு முறையும் தேடாமல், ‘வரு’ என்று தட்டினால் ௵ வருமாறு தனிப்பட்ட அகராதியில் பதிந்துகொள்ளலாம்.

எழுதுவதைவிடத் திருத்துவதிலேயே விரல்கள் பெரிதும் களைக்கின்றன. எழுத்துகளுக்கு இடையே துடிக்கும் கோட்டைச் சரியான இடத்தில் நிறுத்த, திரையை மீண்டும் மீண்டும் தொட வேண்டியதில்லை. ஜிபோர்டில் இடைவெளி விசையின் மீது விரலை இடமும் வலமும் இழுத்தாலே கோடு நகரும், ஐபோனில் அவ்விசையைச் சற்று அழுத்திப் பிடித்துவிட்டு இழுக்க வேண்டும். ஜிபோர்டில் அழி விசையிலிருந்து இடப்பக்கம் இழுத்தால் முழுச் சொற்களும் நீங்கும். அழி விசையை ஒருமுறை மட்டும் தட்டினால் பெரும்பாலும் உயிர்மெய் முழுவதும் அழியாமல் அதன் கடைசிக் குறி மட்டும் நீங்குவதால், ‘ரி’ என்பதை ‘ரு’ ஆக்க ரகரத்தை மறுபடி எழுதத் தேவையில்லை.

பேச்சை எழுத்தாக்கும் வசதியைக் கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழுக்கும் வழங்கியது. சமையற்கட்டிலும் வயல் வேலையிலும் இருப்போருக்கும், பார்வை மங்கிய முதியோருக்கும் இது பெருந்துணை. பொதுவான சொற்களில் நன்கு செயற்படும் இவ்வசதி, ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் வழுவக்கூடியது என்பதால், சொல்லி முடித்தபின் பெயர்களை மட்டுமேனும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பக்கவாட்டுப் பொத்தான்களுக்கும் பயன்கள் உண்டு. பல ஆண்ட்ராய்டு பேசிகளில் ஆற்றல் பொத்தானை இருமுறை அழுத்தினால் கேமரா திறக்கும்; அதனோடு ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரையின் படம் பதிவாகும். *#06# என்று அழைத்தால் பேசியின் 15 இலக்க அடையாள எண் தோன்றும். பேசி தொலைந்தால் புகார் அளிக்க இந்த எண் வேண்டும் என்பதால் அதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் அவசர அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்தது; அதன்படி சாதாரணப் பேசியில் 5 அல்லது 9 விசையை நீண்ட நேரம் அழுத்துவதும், திறன்பேசியில் ஆற்றல் பொத்தானை மும்முறை விரைந்து அழுத்துவதும் உதவிக்கான வழிகளாயின. பிற்காலப் பேசிகளில் அந்த எண்ணிக்கை வேறுபடுவதால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பேசியிலும் அமைப்புகளுக்குள் அவசரநிலைப் பகுதியைத் திறந்து பார்த்து வைக்க வேண்டும். பூட்டிய திரையிலிருந்தும் 112 என்னும் எண்ணை அழைக்க முடியும்.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தினர் தனியே அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்து திரையில் ஒரே உருவமாகத் தோன்றினாலும், அதை இரு வகையாக உள்ளிடலாம்: ‘ஸ’ கொண்டு உள்ளிடுவது பழைய முறை, 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்னும் எழுத்து சேர்ந்தபின் அதைக் கொண்டு உள்ளிடும் முறையும் வந்தது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாவிட்டாலும் இவை கருவிக்கு இரு வேறு சொற்கள். ஆகவே தொடர்புப் பட்டியலிலோ சேமித்த கோப்புகளிலோ ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடி எதுவும் கிடைக்காதபோது, பெயர் அங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ‘ரங்கம்’ என்று பின்பகுதியை மட்டும் தந்து தேடினால், எவ்வகையில் உள்ளிட்டிருந்தாலும் ஊர் கிடைத்துவிடும். ர, ங, க, ம, புள்ளி என அதற்கு 5 தட்டுகள் போதும்.