தலைமையும் தொடர்கல்வியும்

பணியாளர் வாழ்நாள் முழுவதும் கற்றல் அவர்தம் ஆர்வத்தை மட்டும் பொறுத்ததன்று. தலைவரின் இயல்பையும் பொறுத்ததாகும். இதனை விளக்க ஓர் ஆய்வினை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க அறிஞர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இரு மருத்துவமனைகளின் செவிலியர் குழுக்களில், மருந்து வழங்குங்கால் நேரும் பிழைகளைப் பற்றியது. நல்ல தலைமையுடைய குழுக்களிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. இது முரணாகத் தோன்றும். ஆயின், அக்குழுவினர் மிகுதியாகப் பிழை செய்தனர் என்பது இதன் பொருளன்று. அவற்றை அஞ்சாது வெளியிட்டனர் என்பதே அவர் கண்ட விளக்கம். பழிக்கு அஞ்சிய குழுக்களிலோ பிழைகள் மறைக்கப்பட்டன. மறைந்த பிழை எவர்க்கும் பாடமாவதில்லை. மற்றொரு நோயாளியிடத்து அது மீண்டும் நேரலாம்.

கசந்த சொல்லையும் பொறுத்துக் கேட்டலை வேந்தற்குரிய பண்பாகத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் கூறுகிறது. அப்பண்பினை ஆட்சி நிலைபெறுதற்கு ஏதுவாகவே நாம் விளக்கி வருகிறோம். பிழை பற்றிய செய்தியும் தலைவர்க்குக் கசந்த சொல்லே. அதனைப் பொறுத்துக் கேட்டலால் சொல்பவர்க்கும் பயனுண்டு என்பதை இவ்வாய்வால் உணர்கிறோம். தம் பிழையை வெளிப்படப் பேச இயன்றவரே அதனின்று கற்பர். ஆதலின், பயிற்சி வகுப்புகள் எத்துணை நடத்தினும், பொறுத்துக் கேட்கும் தலைவர் இல்லையேல் பணியிடத்தில் கல்வி தொடராது.