நஷ்டத்தின் கணக்கைச் சொல்லும் ஆவணப்படங்கள்

நிதிச் சந்தையையும் டிரேடிங்கையும் கற்பிக்க முற்படும் ஆவணப்படத்தின் தரத்தை அறிய, நஷ்டம் எந்தக் கணக்கின் வழியாக வருகிறது என்பதை அது எவ்வளவு தெளிவாக விளக்குகிறது என்று பார்த்தாலே போதும். இந்த அளவுகோலின்படி, டிரேடர்கள் நடுவே பெரும்புகழ் பெற்ற ‘டிரேடர்’ பின்தங்குகிறது. பொறுமையாகக் கணிதம் பேசும் ‘டிரில்லியன் டாலர் பெட்’ வெகுதூரம் முன்னே நிற்கிறது.

‘டிரேடர்’ 1987-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ஒளிபரப்பானது. பால் டியூடர் ஜோன்ஸ் என்ற இளம் வர்த்தகரின் அன்றாட வேலையையும், அவருடைய ஆய்வாளர் பீட்டர் போரிஷ் 1920-களின் விலை வரைபடத்தோடு 1980-களின் வரைபடத்தைப் பொருத்திப் பார்த்துப் பெருவீழ்ச்சியை எதிர்பார்த்ததையும் அது பதிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தபோது ஜோன்ஸ் பெரும் லாபம் ஈட்டினார். படத்துக்கும் தீர்க்கதரிசனப் புகழ் வந்து சேர்ந்தது. ஆனால் 1929 சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்து வந்தது போன்ற நீண்ட மந்தம் இம்முறை வரவில்லை. 1987-ஐ அந்தக் குறியீடு ஆண்டுத் தொடக்கத்தைவிடச் சற்று உயர்ந்த நிலையிலேயே முடித்தது. ஒப்புமையின் ஒரு பாதி பலித்து மறுபாதி பொய்த்த இந்த உண்மை, படத்தைப் புகழ்வோரின் பேச்சில் அரிதாகவே இடம்பெறுகிறது. வென்றவரை மட்டும் கேமரா பின்தொடரும்போது, அதே போன்ற வரைபடங்களை நம்பித் தோற்றவர்கள் திரைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். புள்ளியியலில் இதற்குத் தப்பிப் பிழைத்தோர் சார்பு என்று பெயர்.

2000-ஆம் ஆண்டில் பிபிஎஸ்ஸின் ‘நோவா’ அறிவியல் வரிசையில் வெளிவந்த ‘டிரில்லியன் டாலர் பெட்’, ஆப்ஷனின் விலையைக் கணக்கிடும் சூத்திரம் பிறந்த கதையைச் சொல்கிறது. ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில், குறிப்பிட்ட நாளுக்குள் வாங்கவோ விற்கவோ அளிக்கப்படும் உரிமை. அதற்காக முன்கூட்டியே செலுத்தும் தொகை பிரீமியம். நூறு ரூபாய்ப் பங்கை ஒரு மாதம் கழித்தும் நூறு ரூபாய்க்கே வாங்கும் உரிமைக்கு ஒருவர் நான்கு ரூபாய் பிரீமியம் கொடுத்தால், விலை நூறைத் தாண்டாதபோது அவருக்கு நான்கு ரூபாய் முழுவதும் போய்விடும். 104-ஐத் தாண்டினால்தான் லாபம் தொடங்கும். உரிமையை விற்றவருக்கோ வரவு நான்கு ரூபாயோடு முடிகிறது, பங்கு ஏற ஏற நஷ்டத்துக்கு உச்சவரம்பே இல்லை. அந்த நான்கு ரூபாய் நியாயமான விலைதானா என்ற கேள்விக்கு 1973-இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோர் கண்ட விடையை, 1900-இல் பாரிஸில் லூயி பாஷெலியே எழுதிய ஆய்வேட்டிலிருந்து தொடங்கிப் படம் படிப்படியாகக் காட்டுகிறது.

மெர்ட்டனும் ஷோல்ஸும் 1997-இல் நோபல் பரிசு பெற்றனர். பிளாக் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். பரிசு பெற்ற இருவரும் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பெருஞ்செல்வரிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டிக் கடனும் வாங்கி வர்த்தகம் செய்யும் நிதியம், அடுத்த ஆண்டே கவிழ்ந்தது. ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள இரு கடன்பத்திரங்களில் மலிவானதை வாங்கி, விலை கூடியதை விற்று, இடைவெளி சுருங்கும்போது லாபம் பார்ப்பது அதன் முக்கிய உத்தி. இடைவெளி மிகச் சிறியது என்பதால் தொகையைப் பெருக்கக் கடன் தேவைப்பட்டது: 1998 தொடக்கத்தில் சுமார் 470 கோடி டாலர் சொந்த மூலதனத்தின் மேல் 12,400 கோடி டாலருக்கும் அதிகமான கடன் நின்றது. அத்தகைய நிலையில் சொத்துகளின் மதிப்பு நூற்றுக்கு நான்கு குறைந்தாலே மூலதனம் முழுவதும் கரைந்துவிடும். ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்ததும், அச்சமுற்ற முதலீட்டாளர்கள் அமெரிக்க அரசுப் பத்திரங்களை நோக்கி ஓடினர். சுருங்க வேண்டிய இடைவெளிகள் விரிந்தன. செப்டம்பரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில் 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட்டு அதை மீட்க வேண்டியதாயிற்று. சூத்திரம் விலையைக் கணிக்கும். கடன் கொடுத்தவர் எவ்வளவு நாள் பொறுப்பார் என்பதைக் கணிக்காது. இதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய படம் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

சார்லஸ் ஃபெர்குசனின் ‘இன்சைட் ஜாப்’ (2010) 2008 நிதி நெருக்கடியை ஆராய்ந்து ஆஸ்கர் வென்றது. வீட்டுக் கடன்களைத் தொகுத்துப் பத்திரங்களாக்கி விற்ற முறையை அது வரைபடங்களால் விளக்குவதைக் காட்டிலும், பொருளியல் பேராசிரியர்களிடம் அவர்கள் பெற்ற ஊதியம் பற்றி நேருக்கு நேர் கேட்கும் பகுதியே வலிமையானது. ஐஸ்லாந்தின் வங்கி அமைப்பைப் பாராட்டிய 2006-ஆம் ஆண்டு அறிக்கைக்கு அந்நாட்டு வர்த்தக சபை 1,24,000 டாலர் கொடுத்திருந்தது. எழுதியவர்களில் ஒருவரான பேராசிரியர் ஃபிரெடரிக் மிஷ்கின் அதைப் பற்றிய கேள்விக்குத் திரையில் தடுமாறுகிறார்.

இந்தியச் சந்தையில் ஆப்ஷன் நஷ்டத்தின் கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. தேசியப் பங்குச் சந்தையில் 2001-இல் தொடங்கிய நிஃப்டி ஆப்ஷன்கள் இன்று கைப்பேசிச் செயலிகளில் எவருக்கும் கிடைக்கின்றன. சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும் 2023-24-இல் ஈட்டிய லாபத்தின் பெரும்பகுதி கணினி நிரல்கள் வழியே வந்தது. 2025 ஜனவரியில், பங்குச் சந்தைப் பாடம் நடத்துவோர் கடைசி மூன்று மாத விலைகளைப் பயன்படுத்தக் கூடாதென செபி விதித்தது. பாடம் என்ற பெயரில் டிப்ஸ் விற்பதைத் தடுக்க இது தேவையான நடவடிக்கையே.

செபியின் ஆய்வறிக்கைகள் எவரும் இலவசமாகப் படிக்கும் வகையில் அதன் இணையதளத்தில் உள்ளன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு, பிரீமியம் கரையும் விதத்தையும் மார்ஜின் என்னும் பிணைத்தொகையின் கணக்கையும் விளக்கி, பணம் இழந்தவர்களையும் அவர்கள் விருப்பத்தோடு பேசவைக்கும் ஆவணப்படம் ஒன்றைத் தமிழில் எடுக்கக் கல்வித் தொலைக்காட்சியும் பல்கலைக்கழக ஊடகத் துறைகளும் முன்வர வேண்டும்.