அடுக்குப் பட்டியலிலிருந்து பல்பரிமாண அணி: எல்லைப்புறச் சொற்றரவை முன்வைத்து

கேரளத்தின் தமிழ் வழங்கும் எல்லைப்பகுதிகள் ஒரே தன்மையன அல்ல. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆகியன பொள்ளாச்சிச் சமவெளியை ஒட்டிய வேளாண் ஊர்கள். இடுக்கியின் மூணாறு, பீர்மேடு ஆகியவற்றின் தமிழோ தேயிலைத் தோட்டக் குடியேற்றத்தோடு பிணைந்தது. முன்பு கொச்சி அரசைச் சேர்ந்திருந்த சித்தூரும் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மூணாறும் 1956இல் கேரளத்தின் பகுதிகளாயின. இவ்விரு வட்டாரச் சொற்களை ஒப்பிட முனைவோர் தரவைக் கணிப்பொறியில் இடும்போது இயல்பாக அமைவது பட்டியலுக்குள் பட்டியலாகிய அடுக்குப் பட்டியல். கணக்கீட்டிற்கு வேண்டப்படுவதோ அணி. முன்னது பின்னதாக மாறும்போது தரவிற்கு நேர்வது யாது என்பது மொழியியலார் அறிந்திருக்க வேண்டியதாகும்.

பைத்தான் மொழியில் இம்மாற்றத்தைச் செய்வது 2006இல் முதற் பதிப்பு வெளிவந்த நம்பை என்னும் நிரல் தொகுப்பு. பட்டியல் எத்தனை அடுக்காக அமைந்துள்ளதோ அத்தனை பரிமாணங்கள் அணிக்கு வாய்க்கின்றன. வெளியடுக்கு முதல் அச்சு. உள்ளடுக்கு இறுதி அச்சு. (தமிழ்க் கணித நூல்களில் அணி என்பது நிரையும் நிரலும் கொண்ட இருபரிமாண அமைப்பையே குறிக்கும். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் 'பல்பரிமாண' என்னும் அடையை விடலாகாது.)

பின்வருவது விளக்கத்திற்காக அமைத்த எடுத்துக்காட்டேயன்றிக் கள ஆய்வின் முடிவன்று. மரவள்ளிக்கிழங்கு, தேநீர், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு என்னும் மூன்று பொருள்களுக்கு இரண்டு ஊர்களில் சொற்கள் கேட்கப்படுகின்றன:

மூணாறு: ["கப்ப", "சாயா", "லயம்"]
கொழிஞ்சாம்பாறை: ["கொள்ளி", "சாயா"]

மரவள்ளியைத் திருவிதாங்கூர் மலையாளம் கப்ப என்றும், திருச்சூர், பாலக்காட்டு மலையாளம் கொள்ளி என்றும் வழங்கும். சமவெளியில் தோட்ட வீடு இல்லாமையால் இரண்டாம் பட்டியலில் மூன்றாம் சொல் இல்லை. இவ்விரண்டையும் ஒரு பட்டியலுள் அடக்கி அணியாக்க முயன்றால், உட்பட்டியல்களின் நீளம் ஒவ்வாமையால் நம்பை மறுத்துவிடும். 2020 வரை அது வாளாவிருந்து, பட்டியல்களையே உறுப்புகளாகக் கொண்ட ஒற்றைப் பரிமாண அணியை ஆக்கித் தந்தது, அவ்வாண்டின் 1.19ஆம் பதிப்பு எச்சரித்தது; 2022இல் வந்த 1.24ஆம் பதிப்பு முதல் பிழை அறிவிக்கிறது.

பிழையறிவிப்பு ஆய்வாளருக்கு நன்மையே. அஞ்சத்தக்கது பிழை அறிவிக்கப்படாத நிலை. கொழிஞ்சாம்பாறைத் தகவலாளர் மரவள்ளிக்கு இரு சொற்கள் கூறினார் எனக் கொள்வோம்:

["கொள்ளி", "மரவள்ளி", "சாயா"]

இப்போது இரு பட்டியல்களும் மூன்று சொல் உடையன. இரண்டு நிரை, மூன்று நிரல் கொண்ட அணி தடையின்றி உருவாகும். ஆயின் மரவள்ளி தேநீர் நிரலிலும், சாயா வரிசை வீட்டின் நிரலிலும் நிற்கும். கணிப்பொறி நீளத்தை மட்டுமே ஒப்பிடும், பொருளை அறியாது. இத்தகைய அணியிலிருந்து வரையப்படும் சொல்நில வரைபடம் முழுவதும் பொய்யாகும்.

இதற்குத் தீர்வு, ஊர், பொருள் ஆகியவற்றோடு விடை என்னும் மூன்றாம் அச்சைச் சேர்ப்பது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விடை இடங்கள் ஒதுக்கினால் அணியின் வடிவம் 2, 3, 2 ஆகும்; பன்னிரண்டு அறைகள். எஞ்சும் அறைகளை வெற்றுச் சரத்தால் நிரப்புவது எளிதெனினும் தகாது. வினா கேட்கப்படவில்லை, தகவலாளருக்குச் சொல் தோன்றவில்லை, அப்பொருளே அவ்வூரில் இல்லை என்னும் மூன்றும் வெவ்வேறு மொழியியல் உண்மைகள். இவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் வேண்டும். மாவட்டப் பெயரை முதல் அச்சாகக் கொள்வதும் ஏற்புடையதன்று. இடுக்கி மாவட்டம் 1972இல்தான் அமைந்தது. அதற்கு முற்பட்ட பதிவுகளில் மூணாறு கோட்டயம் மாவட்டத்து ஊர்.

இன்னொரு இடர் தமிழ் எழுத்து முறையைச் சார்ந்தது. சொற்களாலான பட்டியலை அணியாக்கும்போது, மிக நீண்ட சொல்லின் அளவே ஒவ்வோர் அறைக்கும் உரிய அளவாக நம்பையில் நிலைபெறுகிறது. நீளம் எண்ணப்படுவது தமிழ் எழுத்தாலன்று, ஒருங்குறிக் குறியீட்டால். லயம் மூன்றெழுத்துச் சொல். குறியீடுகளோ புள்ளியோடு நான்கு. கப்ப, சாயா ஆகியனவும் நான்கே. மூணாற்றுப் பட்டியலை மட்டும் அணியாக்கிய பின், அதன் ஓர் அறையில் எட்டுக் குறியீடுடைய கொழுந்து என்னும் தோட்டச் சொல்லை இட்டால், எஞ்சுவது கொழு. எச்சரிக்கை ஏதும் வராது. தேயிலைத் தளிர் ஏர்க்கருவியின் உறுப்பாகிவிடுகிறது; கொழுவும் நல்ல தமிழ்ச் சொல்லாதலின் பிழை கண்ணிற் படுவதும் அரிது.

2024இல் வெளிவந்த நம்பை 2.0, நீளம் மாறுபடும் சொற்களுக்கெனத் தனித் தரவினத்தைத் தந்துள்ளது. தேர்ந்தெடுத்தாலன்றி அது செயற்படாது. அதனினும் பாதுகாப்பானது, சொற்களை மூலப் பட்டியலிலேயே வைத்து, அவற்றுக்குரிய எண்களை மட்டும் அணியில் இடுவது. எண்ணிடுமுன் குறியீட்டு வடிவத்தையும் சீர்ப்படுத்தல் வேண்டும். கொகரத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு அவை இரு சொற்கள். சீர்ப்படுத்தாவிடில் கொள்ளி என்னும் ஒரே விடை இரண்டு எண்களைப் பெறும்.