பழைய கருவிக்கும் ஒரு முறை

ஊர்ப் பொதுக்கிணறு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கப்பி ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்து இருவர் நீர் இறைக்கின்றனர். இளைஞர் ஒரு நிமிடத்தில் ஒரு குடம் இறைத்துவிடுகிறார். பாட்டிக்கோ ஒரு குடத்துக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் இளைஞர் எத்தனை குடம் கொண்டு போவார்? பாட்டி இறைத்த அளவே, அதாவது ஏறக்குறைய நான்கு குடம்தான்! அவருடைய கைவலிமை வீணாகிறது.

வைஃபை என்னும் கம்பியில்லா வலையிலும் இதுவேதான் நிகழ்கிறது. அங்கே கப்பியின் இடத்தில் இருப்பது வானொலி அலைவரிசை. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அதில் பேசலாம்.

வைஃபைக்கான முதல் தரம் 1997-இல் வெளிவந்தது. அதன் வேகம் வினாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். (ஒரு மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட்.) 1999-இல் வந்த 802.11 பி தரம் இதை 11 மெகாபிட்டாகவும், 2003-இல் வந்த 802.11 ஜி தரம் 54 மெகாபிட்டாகவும் உயர்த்தின.

1500 பைட் கொண்ட ஒரு செய்திப் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். அது 12,000 பிட் ஆகும். 54 மெகாபிட் வேகத்தில் இதை அனுப்பச் சுமார் 0.22 மில்லி வினாடி போதும். 1 மெகாபிட் வேகத்திலோ 12 மில்லி வினாடி வேண்டும். இருவகைக் கருவிகளும் மாறி மாறிப் பொட்டலம் அனுப்பினால், புதிய கருவிக்கு 12.22 மில்லி வினாடிக்கு ஒரு முறைதான் வாய்ப்புக் கிட்டும். அதன் வேகமும் வினாடிக்கு 1 மெகாபிட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும்!

தொல்லை இதனோடு முடியவில்லை. ‘ஜி’ கருவி பேசும் முறை ‘பி’ கருவிக்குப் புரியாது. அதன் காதில் அது வெறும் இரைச்சல். ஆகவே குறுக்கே பேசிவிடாமல் இருக்க, ‘இவ்வளவு நேரம் அமைதியாயிருங்கள்’ என்று பழைய மொழியில் முதலில் தண்டோரா போட வேண்டும். 1 மெகாபிட் வேகத்தில் இந்த அறிவிப்புக்கு 304 மைக்ரோ வினாடி பிடிக்கிறது. சொல்லவந்த செய்திக்கோ 222 மைக்ரோ வினாடிதான்! கடிதத்தைவிட உறை கனமாகிவிடுகிறது.

அப்படியானால் பழைய முறையை அடியோடு நீக்கிவிடலாகாதா? எண்ணிப் பாருங்கள். கிடங்கில் பட்டைக் கோடுகளைப் படிக்கும் கருவி, அச்சுப்பொறி, மருத்துவமனைக் கருவி ஆகியவை பல்லாண்டு உழைப்பவை. அடிக்கடி மாற்ற இயலாதவை. ரவுட்டரை மட்டும் மாற்றியதால் இவை ஊமையாகிவிட்டால் இழப்பு யாருக்கு? மேலும், மெதுவான பேச்சு தொலைவிலும் தெளிவாகக் கேட்கும். தொலைவுக்குச் சென்ற புதிய கருவியும் வேகத்தைக் குறைத்தே பேசுகிறது.

எனவே பொறியாளர் நடுவழி கண்டனர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பின்னர் வந்த தரங்களில், ஒவ்வொரு செய்தியும் ‘ஜி’ காலத்துக் கருவிக்கும் புரியும் ஒரு சிறு முன்னுரையுடன் தொடங்குகிறது. செய்தி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அது சொல்லிவிடும். முன்னுரைக்கு ஆவது 20 மைக்ரோ வினாடியே. பல ரவுட்டர்கள் முறையைக் குடக்கணக்கில் அல்லாமல் நேரக்கணக்கில் பங்கிடுகின்றன. இளைஞருக்குப் பத்து நிமிடம், பாட்டிக்கும் பத்து நிமிடம் என்பது போல! 2020-இல் அமெரிக்கா வைஃபைக்குத் திறந்துவிட்ட 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையோ புதுக்கிணறு. பழைய கருவிகளுக்கு அங்கே வேலையில்லை.

ஒன்றில் மட்டும் இரக்கம் கூடாது. 1997-ஆம் ஆண்டுத் தரத்தில் இருந்த டபிள்யு.இ.பி. என்னும் மறைகுறி முறையை உடைக்கும் வழியை 2001-இல் ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் ஆகிய மூவர் வெளியிட்டனர். அதைத் தொடர்ந்து வைத்திருப்பது, உடைந்த பூட்டைக் கதவில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

மெதுவானது வேறு; பாதுகாப்பற்றது வேறு. முன்னதற்கு ஒரு முறை ஒதுக்கலாம். பின்னதை நீக்கிவிடுவதே அறிவுடைமை.